அத்தானின் கிழக்கு

என் அக்காவின் கணவருக்கு எங்கள் வீட்டில் ‘பாதி’ என்று பெயர். பெயர் வைத்தவள் அக்கா. கல்யாணமான மூன்றாவது மாதம் அவர் ஹால் சுவருக்குப் பச்சை வர்ணம் அடிக்க ஆரம்பித்தாராம். சன்னல் வரைக்கும் வந்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். பதினான்கு வருடமாகச் சன்னலுக்கு இடதுபக்கம் பச்சை, வலதுபக்கம் பழைய வெள்ளை. கழுத்தும் ஒரு கையும் இல்லாத ஸ்வெட்டர் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கதவு வைக்காத புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது. ஒரு அயல்மொழி கற்றார். ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று அந்த மொழியில் சுத்தமாகக் கேட்பார், எதிராளி சொல்லும் பதில் மட்டும் புரியாது. பதில்கள் ஒன்பதாவது பாடத்தில் வருகின்றன. இவர் எட்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான். “நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துது, ஆனா...” என்பார். அதற்கு மேல் வராது. அந்த வாக்கியத்தையும் அவர் முடித்து நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் வேலையில் ஆள் கெட்டிக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, சட்டத்துக்குள் பொருத்தித் தருவது அவர் வேலை. சில கண்களுக்கு லென்ஸை இத்தனை டிகிரி சாய்வில் வைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும். இரண்டு டிகிரி பிசகினாலும் வெறும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கடை முதலாளி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். கடையில் ஒழுங்காக முடிப்பவர் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். “அங்க கண்ணு அடுத்தவங்களுது, இங்க எல்லாம் நம்மளுதுதானே” என்றார். அக்கா சமையலறையிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்ததும் பேச்சு அதோடு நின்றது.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் மேசையில் உட்காருகிறவள். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, நேற்று சரிசெய்த குழாய் இன்று மறுபடி ஒழுகுகிறது என்று காலை முதல் மாலை வரை கேட்டுக் கேட்டு என் காது காய்த்துவிட்டது. அதனால் பொறுமை குறைவு, வாய் அதிகம். இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது அக்கா வீட்டில் தங்கினேன். ஒரு பெட்டியோடும் ஒரு இரும்பு பீரோவோடும் வந்தேன். பீரோவை மூன்று மாடி ஏற்றிய நான்கு பேரும் வழிநெடுக என் குலத்தையே திட்டினார்கள். அதை வைக்க வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. தட்டுமுட்டுச் சாமான் போடும் சின்ன அறை.

அந்த பீரோவை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் குற்றவாளி அதுதான்.

நான் வந்த பத்தாம் நாள், சாப்பாட்டு மேசையில் அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தபாலில் வந்த ஒரு தடித்த உறையை எடுத்து வைத்தார்.

“ஒரு வருஷப் பயிற்சி. சேர்ந்திருக்கேன்.”

“இந்தத் தடவை என்ன, மேளமா?” என்றாள் அக்கா.

“மாந்திரீகம்.”

அக்கா சாதத்தைப் பரிமாறுவதை நிறுத்தவில்லை. “யாருக்கு வைக்கப் போறீங்க?”

“யாருக்கும் வைக்கிறதில்ல. இது வேற. வட்டம் போட்டு, அங்கி போட்டு, நாலு திசைக்கும் முறைப்படி வணக்கம் சொல்லி மந்திரம் சொல்றது. பில்லி சூனியமும் இல்ல, தொப்பிக்குள்ளேருந்து முயல் எடுக்கிறதும் இல்ல.”

“முயலாவது வந்தா கூட்டிக்கிட்டு வெளிய போகலாம்” என்றேன் நான்.

அத்தான் கோபப்பட மாட்டார். கோபத்தையும் பாதியில் விட்டுவிடுவார் என்பது அக்காவின் கருத்து. உறையைப் பிரித்து விதிகளைப் படித்துக் காட்டினார். தினமும் சூரியன் உதிக்கும் வேளையில் செய்ய வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து நாள். ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதல் நாள். வேண்டிய சாமான் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும். நடந்ததை நடந்தபடி தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அதில் ஒரு பொய்கூடக் கூடாது.

“எத்தனாவது நாள் நிறுத்துவீங்க?” என்று அக்கா கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பால்காரரிடம் நாளைக்கு வருவீர்களா என்று கேட்பாள் அல்லவா, அந்தக் குரல். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

சின்ன அறைதான் அவருக்குக் கிடைத்தது, என் பீரோவோடு சேர்த்து. அங்கே சன்னல் என்று ஒன்று உண்டு, அது காற்றுக்காக விட்ட இருட்டுக் குழிக்குள் திறக்கும். எந்த நேரத்திலும் வெயில் எட்டிப் பார்க்காது. எங்கள் தெருவிலேயே எதிர்க் கட்டடத்தைத் தாண்டி மேலே வந்தபிறகுதான் சூரியனைப் பார்க்க முடியும். ஆகவே அத்தான் திசைகாட்டி ஒன்று வாங்கிவந்தார். தரையில் வைத்து, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, நூல் பிடித்து, கிழக்கு எதுவோ அங்கே சுவரின் அடியில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். குறிப்பேட்டில் ‘திசை சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார். திசைகாட்டி ஆணியில் தொங்கப் போய்விட்டது. வாடகை வீட்டுத் தரையில் வட்டம் வரைய முடியாது என்பதால் கித்தான் துணியில் ஆறடி வட்டம் வரைந்து, தினமும் அந்தப் புள்ளிக்கு நேராக விரித்துக்கொண்டார்.

முதல் மாதப் பாடம் அசையாமல் உட்காருவது. அரைமணி நேரம். மூக்கு அரித்தாலும் கை போகக் கூடாது. அக்கா வாளி எடுக்க உள்ளே போனாள், நீட்டியபடி இருந்த அவர் கையில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்தாள். அவர் அசையவில்லை. அன்றைய குறிப்பு இது: ‘முப்பது நிமிடத்தில் நான்கு நிமிடம் மனம் நின்றது. பதினோரு நிமிடம் மூக்கு. மீதி துண்டு.’

குறிப்பேட்டை நான் எப்படிப் படித்தேன் என்று கேட்காதீர்கள். பீரோ என்னுடையது. துணி எடுக்கப் போகத்தானே வேண்டும். அதன்மேல்தான் அவர் குறிப்பேட்டை வைத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். நாற்பத்தோராம் நாள் அலாரம் அடிக்கவில்லை. இருமலோடு படுத்திருக்கிறாரே, ஒரு நாள் தூங்கட்டும் என்று அக்காதான் அணைத்து வைத்திருக்கிறாள். அவர் எழுந்து, சன்னலைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, பல் தேய்க்கப் போனார். அன்றைய பக்கத்தில் ‘நாள் 41: தூங்கிவிட்டேன்’ என்று மட்டும் இருந்தது. அலாரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மறுநாள் பக்கத்தில் ‘நாள் 1’. அன்றைக்கு அக்கா முகம் சின்னதாகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அவளே எழுந்து அவர் தோளைத் தட்டுவாள். “எப்ப நிறுத்துவாரோ, அதுவரைக்கும் எனக்கும் தூக்கம் இல்ல” என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

கோல் செய்தது ஒரு பெரிய கதை. மரத்திடம் அனுமதி கேட்டு, உயிருள்ள கிளையை ஒரே வெட்டில் வெட்டி எடுக்க வேண்டுமாம். அத்தான் ஒரு சனிக்கிழமை பூங்காவுக்குக் கத்தியோடு போனார். காவலாளி பிடித்துக்கொண்டார்.

“யார்கிட்டங்க பேசிக்கிட்டிருக்கீங்க?”

“மரத்துகிட்ட அனுமதி கேக்கிறேன்.”

“மரம் குடுத்தாலும் நான் குடுக்கணும்ல?”

அத்தான் உறையை எடுத்து விதியைப் படித்துக் காட்டியிருக்கிறார். காவலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, எப்படியும் கழிக்க வேண்டிய கிளை ஒன்றைக் காட்டினார். முதல் வெட்டு தோலோடு நின்றது. இரண்டாவது வெட்டு செல்லாது என்பதால் அடுத்த சனிக்கிழமை வேறு கிளை. அதுவும் நின்றது. மூன்றாவது சனிக்கிழமை காவலாளியே அவர் கத்தியை வாங்கிச் சாணை பிடித்து வைத்திருந்தாராம். விழுந்த கிளையைப் பார்த்து இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பூங்காவில் நடந்தவர்கள் எல்லாம் யாருக்கோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அங்கியைத் தானே தைத்தார். கை இரண்டும் சரியாக வந்தன, கழுத்து ஓட்டையை மட்டும் தன் தலையை அளக்காமல் வெட்டிவிட்டார். ஒருநாள் காலை அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டு ஓடினோம். துணிக்குள் தலை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாமல், கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா கத்தரிக்கோலால் கழுத்தை வெட்டிவிட்டாள். சிரித்து முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அவரோ வெட்டிய இடத்தை மடித்துத் தைத்துவிட்டு அதே அங்கியில் வணக்கம் சொன்னார்.

நான்காம் மாதம் குரல் பாடம். மந்திரச் சொற்களை அடிவயிற்றிலிருந்து இழுத்து, சுவர் அதிரச் சொல்ல வேண்டும். கீழ் வீட்டம்மா மேலே ஏறி வந்து, “உங்க வீட்டுக்காரருக்குப் பல் வலியா?” என்று விசாரித்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். “அப்படியா? சரி, நானும் அப்பத்தான் எந்திரிக்கிறேன்” என்று போய்விட்டார். ஒருமுறை அத்தானுக்குத் தொண்டை கட்டிக் குரல் இறங்கியபோது, இன்று ஏன் சத்தம் இல்லை, எனக்குப் பேருந்து போய்விட்டது என்று வந்து சண்டை போட்டவரும் அவரே.

ஆறாம் மாதப் பாடம்தான் எனக்குப் பிடித்தது. அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அதைச் சொல்லாமல் இருக்க வேண்டும். தவறினால் மணிக்கட்டில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை இழுத்து விட வேண்டும். எந்தச் சொல் என்று அத்தான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம்: “ஆனா!”

முதல் நாள் மாலை கடையிலிருந்து வரும்போது மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. அக்கா வேண்டுமென்றே தூண்டில் போடுவாள்.

“அந்த அலமாரிக்குக் கதவு போட்டிருக்கலாமே?”

“போட்டிருக்கலாம், ஆ...” என்று வாயைத் திறந்தபடியே நிற்பார். கண் பிதுங்கும். பிறகு, “போட்டிருக்கலாம்” என்று முடிப்பார். வாரக் கடைசியில் அவர் வாக்கியங்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. சாக்குச் சொல்ல வழியில்லாத மனிதர் என்ன பேசுவார்? ஞாயிற்றுக்கிழமை ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக்கு ஒரு கதவு மாட்டினார். இன்னொன்றை மாட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருநூறு நாள் தாண்டிய பிறகு ஒருநாள் அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அதுவரை நான் பார்க்காத பக்கம். ‘இந்தப் பயிற்சி எதற்காக? ஒரே வாக்கியத்தில் எழுதுக’ என்று விதி கேட்டிருக்கிறது. அத்தான் எழுதியிருந்தார்: ‘ஒரு காரியத்தையாவது முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.’

நான் துணி எடுக்க வந்ததை மறந்து பீரோவில் சாய்ந்து நின்றேன். அறையிலும் ஹாலிலும் நான் பேசிய கிண்டல் ஒவ்வொன்றும் எனக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் மந்திரத்துக்குப் போட்டியாக ரேடியோ போடுவதை நிறுத்தினேன்.

அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் அவர் கையை விரித்து மேற்கே திரும்பும்போது விரல் முட்டி என் பீரோவில் இடித்து ‘டங்’ என்று கேட்கும். மந்திரத்துக்கு நடுவில் தினமும் ஒரு டங். முட்டியில் காய்ப்பு விழுந்துவிட்டது. முந்நூற்று ஐம்பதாம் நாள், அவர் கடைக்குப் போனதும், நானும் அக்காவும் கீழ் வீட்டம்மாவும் சேர்ந்து பழைய பாயை அடியில் போட்டு பீரோவை ஹாலுக்குத் தள்ளினோம். கடைசி இரண்டு வாரமாவது கையை நன்றாக விரிக்கட்டும் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அறையைப் பெருக்கும்போது ஆணியில் இருந்த திசைகாட்டியைத் துடைக்க எடுத்தேன். துடைத்துவிட்டுத் தரையில் வைத்தேன். முள் ஆடி ஆடி நின்றது. நான் மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன். மறுபடி புள்ளியைப் பார்த்தேன்.

கிழக்கு அங்கே இல்லை.

கொஞ்சநஞ்சம் இல்லை, கடிகாரத்தில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இருக்கும் தூரம். திசைகாட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் பீரோ பக்கம் நீட்டினேன். முள் நாய்க்குட்டி மாதிரி பீரோவை நோக்கித் திரும்பியது. முதல் நாள் அவர் திசை பார்த்தது என் பீரோவின் காலடியில் வைத்து. மொட்டை மாடிக்கு ஓடினேன். மஞ்சள் புள்ளி காட்டும் பக்கத்தை மனதில் பிடித்துக்கொண்டு பார்த்தால், நேர்கோட்டில் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த தொட்டி. அதன் அடியில்தான் எங்கள் குடிநீர் வாரியம், அதில் கீழ்த்தளத்தில் என் புகார் மேசை. முந்நூற்று ஐம்பது நாளாக என் அத்தான் குளித்து, அங்கி போட்டு, அடிவயிற்றிலிருந்து மந்திரம் சொல்லி, கோலை நெற்றிக்கு உயர்த்தி வணங்கியது என் நாற்காலியை.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் விதி ஞாபகம் வந்தது. சொன்னால் மறுபடி முதல் நாள். அது நடக்காது, வட்டத்தைச் சுருட்டி ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், ‘நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துது, ஆனா...’ என்பார். இந்த முறை அதற்குக் காரணம் நானாக இருப்பேன். சொல்லாவிட்டால் பதினைந்து நாளில் முடித்துவிட்டு அக்கா முகத்தைப் பார்ப்பார். முடித்தது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். புகார் மேசையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், சரிசெய்யாமலே சரிசெய்ததாக எழுதிவிட்டுப் போகும் குழாய்க்காரர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! இப்போது நானே அந்தக் குழாய்க்காரர் ஆனேன். மத்தியானம் கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட்டு பீரோவை மறுபடி உள்ளே தள்ளினேன்.

“உனக்குப் பைத்தியமா?” என்றாள் அக்கா.

“ஹால்ல இந்த பீரோக் கண்ணாடி வெளிச்சம் கண்ணைக் குத்துது.”

“காலையிலதானே ஏதோ தர்மம் பண்ற மாதிரி வெளிய தள்ளின?”

“தர்மம் முடிஞ்சுது, தள்ளு.”

மறுநாள் காலை ‘டங்’ என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. என் நிம்மதி பதின்மூன்று நாள் நீடித்தது. கடைசிப் பாடத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது, நான் அதைப் படிக்கவில்லை: ‘நிறைவுக்கு இரண்டு நாள் முன்பு திசைகளை மீண்டும் சரிபார்க்கவும்.’

முந்நூற்று அறுபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தான் ஆணியிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். நான் அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன். பீரோ பழைய இடத்திலேயே இருந்திருந்தால் முள் பழைய பொய்யையே சொல்லியிருக்கும். நாங்கள் அவசரத்தில் இரண்டு சாண் தள்ளி வைத்துவிட்டோம். இரண்டு டிகிரியை வெறும் கண்ணால் பிடிக்கிற மனிதர் புள்ளியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடந்தார். பீரோவை நெருங்க நெருங்க முள் திரும்பியது. விலக விலக விலகியது. மூன்று முறை நடந்து பார்த்தார். பிறகு ஹாலின் நடுவில் வந்து நின்று பார்த்தார்.

“இதை நீ வெளிய தள்ளிட்டு மறுபடி உள்ள வெச்சியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன். “எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும் அத்தான். சொன்னா நீங்க...” என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். அக்கா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். அழுகைக்கு நடுவில் பீரோ, முள், தண்ணீர்த் தொட்டி, புகார் மேசை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்காவுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய அந்த வாக்கியத்துக்காக.

அத்தான் வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அசையவில்லை. அவருக்குத்தான் அது பழக்கமாயிற்றே. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றோம். பிறகு எழுந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினார். எழுதுவதை மறைக்கவில்லை. ‘நாள் 363. முதல் நாளிலிருந்து திசை தவறு. காரணம்: இரும்பு பீரோ. கவனிக்காதது நான்.’

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் அக்கா.

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“தப்பான பக்கம்னு தெரிஞ்சுமா?”

“கண்ணாடி தப்பாப் பொருத்திட்டா, கொண்டு வந்தவங்ககிட்ட தப்புன்னு சொல்லிட்டுத்தான் மாத்துவேன். சத்தமில்லாம திருப்பி வைக்க மாட்டேன். முந்நூத்தி அறுபத்தி மூணு நாள் இந்தப் பக்கம் நின்னாச்சு. இதை இந்தப் பக்கமே முடிக்கணும். அடுத்தத அப்புறம் சரியா ஆரம்பிக்கலாம்.”

அவர் இத்தனை வாக்கியங்களைத் தொடர்ந்து முடித்து நான் அன்றுதான் கேட்டேன்.

கடைசி நாள் காலை நான் அலாரம் இல்லாமலே எழுந்துவிட்டேன். அக்கா ஏற்கெனவே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். அறைக் கதவை அத்தான் அன்று சாத்தவில்லை. அங்கியின் கோணல் கழுத்தும், பூங்காக் கிளையில் செய்த கோலும், ஓரம் நைந்த கித்தான் வட்டமும் அப்போதுதான் எல்லாம் சேர்ந்து கண்ணில் பட்டன. எங்கள் குடிநீர் வாரியத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று மந்திரத்தைச் சொன்னார். ஒரு எழுத்து விழுங்கவில்லை. நான்கு திசையும் திரும்பினார். டங். கீழ் வீட்டில் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. கோலைக் கீழே வைத்து, விளக்கை அணைத்து, வட்டத்துக்கு வெளியே வந்தார்.

“முடிஞ்சுது” என்றார்.

நானும் அக்காவும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வரவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன அப்படிப் பாக்கிறீங்க? மூஞ்சில கரி ஒட்டியிருக்கா?” என்று அக்கா புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்ல.”

“பின்ன?”

“சும்மாதான்.”

எனக்குத் தெரியும், குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் படித்தவள் நான் ஒருத்திதான். அக்காவுக்குத் தெரியாது, இருந்தாலும் அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

“சரி, நாளைக்கு?” என்றாள் கடைசியில்.

“நாளைக்கு நாள் ஒண்ணு. சரியான பக்கம் பாத்து.”

“அது எந்தப் பக்கம்?”

அத்தான் கையை நீட்டினார். அக்கா திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் புள்ளிக்கு அடுத்த சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை, அடுப்பு.

“அங்க காலையில நான்ல நிப்பேன்?”

“தெரியும்.”

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்தாள். பிறகு, “கொஞ்சம் மெதுவாக் கத்துங்க, பால் பொங்கறது காதுல விழாது” என்று சொல்லிவிட்டு, பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்க ஓடினாள்.